பழைய மவுண்டன் பைக்: தேற்றுவதா, மாற்றுவதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2009ல் வாங்கிய என் 26 இன்ச் கியர் சைக்கிள் இன்னும் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அதை எடுத்துக்கொண்டு வேலூர்ப் பக்கம் பாலமதி மலை ரோட்டுக்கோ அமிர்திக்கோ கிளம்பினால், வழியில் டீக்கடையில் யாராவது ஒருவர் நிறுத்திக் கேட்பார். "என்கிட்டயும் இதே மாதிரி ஒண்ணு மாடிப்படிக்குக் கீழ கிடக்குது சார். செலவு பண்ணலாமா, போட்டுட்டு புதுசு வாங்கலாமா?" பதில் சொல்லிச் சொல்லி அதற்கு ஒரு வரிசையே வந்துவிட்டது. அதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். நான் மெக்கானிக் இல்லை. தப்பான சாமான்களை வாங்கிக் காசை விட்டுவிட்டு, அப்புறம் ஒரு நல்ல மெக்கானிக் பாயின் கடை வாசலில் பல சாயங்காலங்கள் உட்கார்ந்து கற்றுக்கொண்டவன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள். பழைய சைக்கிளுக்குச் செலவு செய்யலாமா?

தேய்ந்ததை மாற்றச் செய்யலாம். அதை வேறொரு சைக்கிளாக ஆக்கச் செய்யக் கூடாது.

டயர், டியூப், செயின், பிரேக் கட்டை, ஒயர், பால்ரஸ் (அச்சு சுழல உதவும் இரும்புக் குண்டுகள்) எல்லாம் புது சைக்கிளிலும் தேயும். அவற்றுக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. ஆனால் டிஸ்க் பிரேக் இல்லாத சைக்கிளுக்கு டிஸ்க் போடுகிறேன், 21 கியரை முன்னால் ஒற்றைப் பல்சக்கரம் வைத்த புது ஏற்பாடாக மாற்றுகிறேன் என்று இறங்கினால் ஒரு சாமான் இன்னொன்றைக் கேட்கும், அது மூன்றாவதைக் கேட்கும். கடைசியில் புது சைக்கிளின் விலையைக் கொடுத்துவிட்டுப் பழைய சைக்கிளில் உட்கார்ந்திருப்பீர்கள்.

சரி, எதை முதலில் பார்ப்பது?

பிரேம். மற்றதெல்லாம் அப்புறம்.

பழைய துணியைக் கொஞ்சம் மண்ணெண்ணெயில் நனைத்து அழுக்கைத் துடைத்துவிட்டு, நல்ல பகல் வெளிச்சத்தில் பாருங்கள். முக்கியமாக நான்கு இடங்கள்: ஹேண்டில்பாருக்குக் கீழே இரண்டு குழாய்கள் சேரும் இடம், சீட் கம்பி நுழையும் வாய், பெடல் அச்சு இருக்கும் உருளையைச் சுற்றி, பின் சக்கரத்தின் ஆக்சில் உட்காரும் இடம். பெயின்ட் மேல் தலைமுடி மாதிரி ஒரு கோடு தெரிந்தால் நகத்தால் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் தடுக்கினால் சந்தேகப்படுங்கள்.

இரும்புப் பிரேமாக இருந்தால் விரிசலைவிடத் துருதான் எதிரி. அதுவும் வெளியே தெரியும் துரு பெரிய விஷயமில்லை. உள்ளே இருப்பதுதான் ஆபத்து. சீட் கம்பியைக் கழற்றிவிட்டு சைக்கிளைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினால் செம்மண் நிறத்தில் தூள் கொட்டும். ஒரு சிட்டிகை வந்தால் பயமில்லை. செதில் செதிலாக உள்ளங்கை நிறைய வந்தால் அந்தக் குழாய் உள்ளேயிருந்து அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். இரும்பில் சின்ன விரிசலை நல்ல வெல்டர் ஒட்டித் தருவார், ஓரளவு நம்பலாம். அலுமினியப் பிரேமில் விரிசல் விட்டால் வெல்டிங் பட்டறைக்கு எடுத்துப் போகாதீர்கள். அந்தச் சூட்டில் சுற்றியுள்ள உலோகத்தின் பலம் போய்விடும். திரும்பச் சூடேற்றிப் பதப்படுத்தும் வசதி பட்டறையில் இருக்காது. அந்தப் பிரேமின் கதை அவ்வளவுதான்.

பிரேம் போனால் கேள்வியே இல்லை, மாற்றுங்கள். பிரேம் நன்றாக இருந்தால் மேலே படியுங்கள்.

சீட் கம்பி அசையவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

அலுமினியப் பிரேமும் இரும்புக் கம்பியும் (அல்லது இரண்டும் நேர்மாறாக) பல வருஷம் ஒன்றோடு ஒன்று ஒட்டி இருந்தால், வியர்வையும் மழைத் தண்ணீரும் இறங்கி இரண்டும் இறுகிவிடும். கிளாம்பைத் தளர்த்தி, இடுக்கில் துரு எடுக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வையுங்கள். மறுநாள் சீட்டை இரு கையாலும் பிடித்து மேலே இழுக்காமல் இடமும் வலமும் திருப்புங்கள். மூன்று நாள் பொறுமையாகச் செய்தும் வராவிட்டால் கடைக்குப் போங்கள். இப்போது இருக்கும் உயரமே உங்களுக்குச் சரியென்றால் விட்டும் விடலாம். ஆனால் சைக்கிளை விற்கப் போகிறீர்களானால் வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.

செயின் தேய்ந்திருக்கிறதா என்று நானே எப்படிப் பார்ப்பது?

பள்ளிக்கூடப் பையில் இருக்கும் ஸ்டீல் ஸ்கேல் போதும். ஒரு செயின் பின்னின் நடுவிலிருந்து அடுத்த பின்னின் நடு வரை சரியாக அரை இன்ச். அப்படியானால் 24 பின் தள்ளிப் போனால் 12 இன்ச் வர வேண்டும். செயினைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்து, ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வைத்து மறுமுனையைப் பாருங்கள். பின்னின் நடு 12ம் கோட்டிலேயே நின்றால் நல்ல செயின். கோட்டைத் தாண்டி 1/16 இன்ச், அதாவது ஒன்றரை மில்லிமீட்டர் போயிருந்தால் செயினை மட்டும் உடனே மாற்றுங்கள். 1/8 இன்ச் போயிருந்தால் தாமதமாகிவிட்டது. அந்தச் செயின் பின்னால் இருக்கும் பல்சக்கரத்தையும் தன் அளவுக்குத் தேய்த்திருக்கும். புதுச் செயினை மட்டும் போட்டால் ஏறி மிதிக்கும்போது நழுவும். இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

என் சைக்கிளில் முதல் செயினை ஏழு வருஷம் மாற்றவே இல்லை. "ஓடுதே" என்று விட்டுவிட்டேன். பாய் அதை அளந்துகூடப் பார்க்கவில்லை. செயினைப் பக்கவாட்டில் தூக்கிப் பிடித்தார், அது வாழைநார் மாதிரி தொங்கியது. "இன்னா சார், செயினு இப்டி கீது!" என்றார். பின்னால் பிரீவீல் என்ற பல்சக்கர அடுக்கு, முன்னால் நடுப் பல்சக்கரம், செயின் மூன்றும் ஒன்றாகப் போயின. நடுவில் இரண்டு செயின் மாற்றியிருந்தால் மற்ற இரண்டும் பிழைத்திருக்கும்.

26 இன்ச் சக்கரமே இப்போது வருவதில்லையாமே. டயர் கிடைக்குமா?

புது மவுண்டன் பைக்குகள் பெரும்பாலும் 27.5, 29 என்று போய்விட்டன, உண்மைதான். ஆனால் 26 இன்ச் டயர், டியூப் நம் ஊரில் எந்தச் சைக்கிள் கடையிலும் கிடைக்கும். ரேஞ்சர் வகைச் சைக்கிள்கள் லட்சக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்போது அவ்வளவு சீக்கிரம் நிற்காது. கிடைக்காதது விலை கூடிய, நல்ல தரமான 26 இன்ச் போர்க்கும் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவை) சக்கரமும்தான்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, அதில் நான் விழுந்திருக்கிறேன். "26 இன்ச்" என்று பெயர் வைத்த டயரில் பல அளவு உண்டு. மவுண்டன் பைக்குக்கு வருவது 26 x 1.95, 26 x 2.10 என்று புள்ளி வைத்து எழுதியிருக்கும். சாதாரண சைக்கிளுக்கு வருவது 26 x 1 3/8, 26 x 1 1/2 என்று பின்னத்தில் இருக்கும். கணக்குப்படி 1.5ம் 1 1/2ம் ஒன்றுதானே என்று தோன்றும். டயரில் அது செல்லாது. புள்ளி வைத்ததற்கு ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 559 மி.மீ.; 1 1/2க்கு 584; 1 3/8க்கு 590. ஒரு கடையில் அவசரத்தில் வாங்கிய பின்ன டயரை வீட்டில் போட்டுப் பார்த்தால் மருமகனுக்கு எடுத்த சட்டையை மாமனார் போட்ட மாதிரி, எங்கேயும் ஒட்டவில்லை. டயரின் பக்கவாட்டில் 50-559 மாதிரி ஒரு எண் சின்னதாக அச்சாகியிருக்கும். கடைசி மூன்று இலக்கத்தைப் பார்த்து வாங்குங்கள், தப்பே வராது.

அந்த 584தான் இன்று "27.5" என்ற புதுப் பெயரில் விற்கிறது. பிரான்சில் அது ரொம்பப் பழைய அளவு.

முள் பிரச்சினைக்கு என்ன வழி? வாரம் ஒரு பஞ்சர்.

நம் பக்கத்தில் சைக்கிள் ஓட்டுபவர் எல்லோருக்கும் உள்ள தலைவலி. பாலாற்றங்கரை ஓரமாக, ஏரிக்கரை மேலாக எங்கே இறங்கினாலும் சீமைக்கருவேலம். அது விட்டுவைத்த இடத்தில் நெருஞ்சி. கருவேல முள் டயரில் இறங்கி ஒடிந்துகொள்ளும். பஞ்சர் ஒட்டியவர் டயரின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்க்காமல் மாட்டினால் அரை மணியில் மறுபடி காற்று இறங்கும். சைக்கிளை மாற்றினாலும் முள் மாறாது என்பதால் இதற்காகப் புதுசு வாங்க வேண்டாம்.

நான் செய்திருப்பது: டயருக்கும் டியூபுக்கும் நடுவில் பிளாஸ்டிக் பட்டை ஒன்று, டியூபுக்குள் ஓட்டை அடைக்கும் திரவம். கொஞ்சம் கனம் கூடும், பரவாயில்லை. டியூப் இல்லாத டயர் முறைக்குப் பழைய ரிம்மை மாற்றுகிறேன் என்று சிலர் நாடாவெல்லாம் ஒட்டிச் செய்கிறார்கள். பழைய ரிம்களின் விளிம்பு அதற்காக வார்க்கப்பட்டதல்ல. வளைவில் சாயும்போது டயர் விளிம்பை விட்டு வந்துவிடலாம். நான் செய்ய மாட்டேன்.

ஒரே ஒரு சாமான்தான் மாற்ற முடியும் என்றால் எது?

டயர். யோசிக்கவே வேண்டாம். மவுண்டன் பைக் வைத்திருக்கும் நம் ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் ஓட்டுவது தார் ரோட்டில்: சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடி, பாகாயத்திலிருந்து கோட்டை. கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர் அங்கே வண்டு மாதிரி ரீங்காரம் போட்டுக்கொண்டு உங்கள் மூச்சைத்தான் வாங்கும். நடுவில் வழவழப்பாகவும் ஓரத்தில் லேசாகப் பல்லும் உள்ள 1.75 அகல டயரைப் போட்டு, பக்கவாட்டில் எழுதியிருக்கும் அளவுக்குக் காற்று அடித்துப் பாருங்கள். "புது சைக்கிள் வேணும்" என்று வந்தவர்களில் இரண்டு பேர் அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்கள்.

பெட்ரோல் பங்க்கில் காற்று அடிக்கும்போது மட்டும் ஜாக்கிரதை. சைக்கிள் டியூபில் கொள்ளளவு சின்னது, கண் மூடித் திறப்பதற்குள் நிரம்பி வெடிக்கும்.

ஏலகிரி ஏற கியர் பற்றவில்லை. புது சைக்கிள்தான் வழியா?

அவசியமில்லை. பழைய 21 கியர் சைக்கிள்களில் முன்னால் சின்னச் சக்கரம் 28 பல், பின்னால் பெரியது 28 பல் என்று இருப்பது சகஜம். அப்படியானால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் ஒரு சுற்று. ஏலகிரி மாதிரி 14 கொண்டை ஊசி வளைவு ஏற அது கனம். பின்னால் 14ல் தொடங்கி 34 பல்லில் முடியும் 7 அடுக்குப் பிரீவீல் கிடைக்கிறது. போட்டால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் 0.82 சுற்றுத்தான். கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு பாரம் குறையும். வாங்கும் முன் பின் கியர் மாற்றி 34 பல் வரை தாங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில பழையவை தாங்காது. செயினில் இரண்டு மூன்று கண்ணி கூடுதலாகவும் தேவைப்படலாம். செலவு சின்னது, பலன் பெரியது. பாக்கி வேலை உங்கள் தொடைதான் செய்ய வேண்டும்.

முன்னால் ஒற்றைச் சக்கரம், பின்னால் 11 அல்லது 12 அடுக்கு என்று மாற்றலாமா? பார்க்க நன்றாக இருக்கிறது.

பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்கைப் போடுவோம். உங்கள் பின் சக்கர ஹப் (சக்கரத்தின் நடு உருளை) திருகி மாட்டும் பிரீவீலுக்கானது. 12 அடுக்குக்கு, பல்சக்கர அடுக்கைச் செருகி மாட்டும் கேசட் ஹப் வேண்டும். அதாவது புதுப் பின் சக்கரம். அப்புறம் ஹேண்டிலில் புது ஷிப்டர் (கியர் மாற்றும் விசை), பின்னால் புது டீரெய்லர் (கியர் மாற்றி), புதுச் செயின், கேசட் என்ற பல்சக்கர அடுக்கு, முன்னால் பெடல் மாட்டும் கிராங்க். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். இதெல்லாம் சேர்ந்து வரும் விலைக்கு, இதெல்லாம் ஏற்கனவே மாட்டிய சைக்கிள் கடையில் நிற்கிறது, கூடவே புதுப் பிரேமும் போர்க்கும் இலவசம் மாதிரி.

திருகும் பிரீவீல் ஹப்புக்கு இன்னொரு குறையும் உண்டு. அதில் வலது பக்கப் பால்ரஸ் ஓரத்தில் இல்லாமல் உள்ளே தள்ளி இருப்பதால், அந்தப் பக்கம் ஆக்சில் தாங்கல் இல்லாமல் நீண்டு நிற்கும். கனமான ஆள் பள்ளத்தில் இறங்கினால் வளையும், சில நேரம் ஒடியும். உங்கள் சைக்கிளில் ஆக்சில் இரண்டு தடவைக்கு மேல் வளைந்திருந்தால், நீங்கள் ஓட்டும் விதத்துக்கு அந்தச் சைக்கிள் போதவில்லை. அது மாற்ற வேண்டியதற்கு நல்ல அறிகுறி.

டிஸ்க் பிரேக் போட முடியுமா?

பிரேமின் பின்புறம் இடது பக்கம் ஆக்சிலுக்கு மேலே இரண்டு ஓட்டையுள்ள ஒரு காது இருக்கிறதா? முன் போர்க்கில் அதே மாதிரி? ஹப்பில் டிஸ்க் தட்டு மாட்ட இடம்? மூன்றும் இருந்தால் முடியும். இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். காதை வெல்டு செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டு வந்துவிடுங்கள்.

ரிம்மைப் பிடிக்கும் வி-பிரேக் ஒன்றும் மட்டமில்லை. நல்ல ரப்பர் கட்டையும் புது ஒயரும் போட்டால் காய்ந்த ரோட்டில் இரண்டு விரலால் நிற்கும். வருஷத்தில் பாதி நாள் வெயில் கொளுத்தும் ஊரில் மழைக்காகக் கவலைப்படும் நாள் குறைவு. ஆனால் வெயிலுக்கே ஒரு தண்டனை உண்டு: கட்டை காய்ந்து கல்லாகிவிடும். பார்ப்பதற்குத் தடியாக இருக்கும், பிடிக்காது. ஏலகிரியில் வளைவுகளுக்குப் புலவர்கள் பேரும் வள்ளல்கள் பேரும் வைத்திருக்கிறார்கள். முல்லைக்கொடிக்குத் தேரையே கொடுத்த பாரியின் பேர் வைத்த வளைவில் என் பிரேக் கட்டை எனக்குக் கையே கொடுக்கவில்லை. காலை ரோட்டில் தேய்த்துத்தான் நிறுத்தினேன். செருப்பு போனது. அந்த ஆறு வருஷத்துக் கட்டையில் இன்னும் அரை இன்ச் ரப்பர் மிச்சம் இருந்தது!

ரிம்மையும் தொட்டுப் பாருங்கள். கட்டை உரசும் இடம் தட்டையாக இருக்க வேண்டும். விரலுக்கு உள்வாங்கிக் குழியாகத் தெரிந்தால் சுவர் மெலிந்துவிட்டது. காற்றழுத்தத்தில் ஒரு நாள் பிளக்கும்.

முன்னால் இருக்கும் ஷாக் அப்சார்பர் அமுங்கவே இல்லை.

விலை குறைந்த சைக்கிள்களில் வரும் ஸ்பிரிங் போர்க்கின் வழக்கமான முடிவு அது. உள்ளே இருந்த கிரீஸ் காய்ந்து, மண் புகுந்து, துருப்பிடித்து உறைந்திருக்கும். கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்தால் சிலது உயிர் பெறும்.

மாற்ற நினைத்தால் மூன்று விஷயம் பொருந்த வேண்டும். சக்கர அளவு. பிரேக் வகை. அப்புறம் போர்க்கின் கழுத்துக் குழாய்: பழைய பிரேம்களில் அது மேலிருந்து கீழ் வரை ஒரே தடிமன், பெரும்பாலும் 28.6 மி.மீ.; இப்போது வரும் நல்ல போர்க்குகள் கீழே ஒன்றரை இன்ச்சாக அகலும், உங்கள் பிரேமில் நுழையவே நுழையாது. போர்க்கு நீளமும் பழையதை ஒட்டி இருக்க வேண்டும். நீளம் கூடினால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு, ஏற்றத்தில் ஹேண்டில் அலையும்.

தார் ரோடுதான் உங்கள் பாதை என்றால் என் யோசனை வேறு. ஷாக் இல்லாத, அதே நீளமுள்ள சாதா இரும்புப் போர்க்கு போட்டுவிடுங்கள். நான் அப்படித்தான் போட்டேன். தூக்கிப் பார்த்தாலே கனம் குறைந்தது தெரிந்தது. எழுந்து நின்று மிதிக்கும்போது முன்பக்கம் குதிப்பதும் நின்றது.

முன்னும் பின்னும் ஷாக் உள்ள சைக்கிள் வைத்திருக்கிறேன்.

விலை உயர்ந்ததாக இருந்தால் அதற்கென்று உள்ள பெரிய கடையில் காட்டுங்கள். ஆனால் பத்து, பன்னிரண்டு வருஷத்துக்கு முன் பையன் கேட்டான் என்று வாங்கிக் கொடுத்த, நடுவில் தடித்த ஸ்பிரிங் வைத்த வகை என்றால் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள். பின் சக்கரத்தைத் தாங்கும் கை சுழலும் அச்சின் புஷ் (உறை வளையம்) தேய்ந்து, சக்கரம் பக்கவாட்டில் ஆடும். புஷ் கிடைக்காது, கிடைத்தாலும் உட்காராது.

சைக்கிள் செய்த கம்பெனியே மூடிவிட்டது. ஸ்பேர் கிடைக்குமா?

கிடைக்கும். அட்லஸ் சாகிபாபாத் தொழிற்சாலையை 2020 ஜூன் 3ம் தேதி, உலக சைக்கிள் தினத்தன்றே மூடியபோது நிறைய பேர் இதைக் கேட்டார்கள். பிரேம்தான் கம்பெனியுடையது. ஹப், செயின், பிரீவீல், பெடல் அச்சு, பிரேக் எல்லாம் பொது அளவில் வெவ்வேறு இடத்தில் செய்து மாட்டியவை. பிரேமுக்கே உரிய ஒரே சாமான், பின் டீரெய்லர் தொங்கும் சின்ன அலுமினியக் காது. அது வளைந்தால் தேடி அலைய வேண்டியிருக்கும். இப்போதே ஒன்று கிடைத்தால் வாங்கிப் போட்டுவையுங்கள்.

ஓவராய்லிங் கொடுத்தால் போதுமா? என்ன சொல்லிக் கொடுப்பது?

"புல் ஓவராய்லிங்" என்று மட்டும் சொன்னால் சில கடைகளில் டீசல் போட்டுக் கழுவி, செயினில் எண்ணெய் விட்டுக் கொடுத்துவிடுவார்கள். பளபளவென்று வரும், உள்ளே அதே பழைய கிரீஸ் இருக்கும். இப்படிச் சொல்லுங்கள்: "அண்ணே, ரெண்டு ஹப்பும், பி.பி.யும் (பெடல் அச்சு), ஹேண்டில் கழுத்தும் பிரிச்சு, பால்ரஸ் புதுசு போட்டு, கிரீஸ் வெச்சுக் கொடுங்க. பழைய பால்ரஸை எனக்குக் காட்டுங்க." பால்ரஸ் விலை அற்பம். ஆனால் பழைய குண்டை வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தால் அம்மைத் தழும்பு மாதிரி குழி தெரியும். அதே குழி, குண்டு உருளும் கோனிலும் இருந்தால் கோனும் மாற்ற வேண்டும். இரண்டு சக்கரத்துக்கும் கோட்டம் எடுக்கச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் சக்கரத்தைத் தூக்கிவிட்டு மெல்லச் சுழற்றுங்கள். நிற்கும்போது வால்வு இருக்கும் கனமான பக்கம் கீழே வந்து, முன்னும் பின்னும் ஊஞ்சல் மாதிரி ஆடி நிற்க வேண்டும். சட்டென்று நின்றால் கோனை இறுக்கிவிட்டார்கள்.

செலவுக்கு ஏதாவது வரம்பு உண்டா?

நான் வைத்திருக்கும் வரம்பு இது. உங்கள் சைக்கிள் மாதிரியே ஒன்று, நல்ல ஓட்டத்தில், பழையதாக வாங்கினால் என்ன விலை ஆகுமோ, பழுதுச் செலவு அதைத் தாண்டக் கூடாது. கோடை லீவுக்கு முன்னால் ஊரைவிட்டுப் போகும் கல்லூரி மாணவர்கள் சைக்கிளை வந்த விலைக்குத் தள்ளுவார்கள். வேலூரில் விலை விசாரிக்க அதைவிட நல்ல சமயம் கிடையாது.

அந்த மாதிரி வாங்கப் போனால் மேலே சொன்ன நான்கு இடங்களையும் செயினையும் பாருங்கள். வாங்கிய ரசீதும் கேளுங்கள். திருட்டு சைக்கிள் மலிவாகத்தான் இருக்கும்.

புதுசு வாங்குவது என்று முடிவானால் என்ன பார்க்க வேண்டும்?

பழையதில் இல்லாத, போடவும் முடியாத விஷயங்கள் அதில் இருக்க வேண்டும்: கேசட் ஹப், எண்ணெயில் இயங்கும் டிஸ்க் பிரேக், கீழே அகலும் கழுத்துக் குழாய், அமுங்காமல் பூட்டும் வசதியுள்ள நல்ல போர்க்கு. இந்த நான்கில் குறைந்தது இரண்டு இல்லாவிட்டால், நீங்கள் வாங்குவது புதுப் பெயின்ட் அடித்த உங்கள் பழைய சைக்கிள்தான். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நடுத்தர விலையில் வாங்கிய பதினைந்து வருஷப் பழைய சைக்கிள், இன்று மலிவு விலையில் வாங்கும் புது சைக்கிளைவிடப் பல நேரம் நன்றாக ஓடுகிறது. கடையில் இரண்டையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

பையன் வளர்ந்துவிட்டான். சீட்டை ஏற்றினால் போதாதா?

சீட் கம்பியில் ஒரு கோடு போட்டு எச்சரித்திருப்பார்கள். அந்தக் கோடு வெளியே தெரியும்படி ஏற்றக் கூடாது. கம்பி பிரேமுக்குள் போதிய ஆழம் இல்லாமல் நின்றால் பிரேமையே பிளந்துவிடும். கோடு தெரியாமல் ஏற்றியும் மிதிக்கும்போது முட்டி மடங்கியே இருந்தால் பிரேம் சின்னதாகிவிட்டது. இதற்கு எந்தச் சாமானும் மருந்தில்லை. மாற்றுங்கள்.

பேட்டரி மோட்டார் கிட் மாட்டலாமா?

250 வாட்டுக்கும் மணிக்கு 25 கி.மீ. வேகத்துக்கும் மிகாமல் இருந்தால் பதிவு எண் தேவையில்லை. இரும்புப் பிரேமும் நல்ல பிரேக்கும் இருந்தால் மாட்டலாம். அலுமினியப் பிரேமில் ஹப் மோட்டார் மாட்டினால் ஆக்சில் உட்காரும் இடத்தை முறுக்கி உடைக்கும். முறுக்கு தாங்கும் தனிக் கை ஒன்றைச் சேர்த்து மாட்டாமல் ஓட்டாதீர்கள்.

பழைய சைக்கிளில் புதுச் சாமான் மாட்டுவது கிறுக்குத்தனம் என்கிறார்கள் வீட்டில்.

மவுண்டன் பைக் பிறந்ததே அந்தக் கிறுக்கில்தான் என்று சொல்லுங்கள். 1970களில் கலிபோர்னியாவில் மாரின் கவுன்டி இளைஞர்கள், பல வருஷம் பழைய, தடித்த டயர் போட்ட சைக்கிள்களைத் தேடி வாங்கி, கியரும் மோட்டார் சைக்கிள் பிரேக் லீவரும் மாட்டி மலையிலிருந்து உருட்டிவிட்டுக்கொண்டு வந்தார்கள். 1976 அக்டோபரில் அங்கே தொடங்கிய இறக்கப் பந்தயத்துக்கு ரீபேக் என்று பெயர். ஒரு தடவை இறங்கினாலே பின் ஹப் பிரேக்கின் கிரீஸ் புகைந்து போய், மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் வந்த பெயர் அது. அதற்கென்றே புதிதாகப் பிரேம் செய்ய ஜோ பிரீஸ் இறங்கியது 1977ல். பழையதைத் தேற்றித் தேற்றிப் பார்த்து, இனி தேறாது என்று தெரிந்த பிறகுதான் புதுசு செய்தார்கள்.

வைத்திருக்கப் போகிறேன். எங்கே நிறுத்துவது?

மொட்டை மாடியில் மட்டும் வேண்டாம், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழேயும் வேண்டாம். "வேலூரா, வெயிலூரா" என்று கேட்பது சும்மா இல்லை. சித்திரை, வைகாசி இரண்டு மாதம் வெயிலில் நின்றால் டயரின் பக்கவாட்டில் பாளம் பாளமாக வெடிப்பு விடும். ஓட்டாமல் வைத்தாலும் மாதம் ஒரு முறை காற்று அடியுங்கள். இறங்கிய டயர் மேல் சைக்கிள் நின்றால் மடிந்த இடத்தில் அறுந்துவிடும்.

உங்கள் சைக்கிளை எப்போது மாற்றப் போகிறீர்கள்?

போன மாதம் துடைக்கும்போது, பெடல் அச்சுக்குப் பின்னால் இடது குழாயில் ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. நகம் தடுக்கவில்லை. கோட்டின் இரு முனையிலும் பால்பாயின்ட் பேனாவால் புள்ளி வைத்திருக்கிறேன். ஞாயிறுதோறும் கிளம்பும் முன் குனிந்து பார்க்கிறேன். கோடு புள்ளியைத் தாண்டினால் அன்றைக்கு அமிர்திக்குப் போக மாட்டேன், கடைக்குப் போவேன்.